சீனாவில் யுவான்: முதல்முறை போகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

குவாங்சோ நகரில் ஒரு பழக்கடை. ஆரஞ்சுக் குவியலின் மேல் அட்டைத்துண்டில் 8 என்று எழுதிச் செருகியிருந்தார்கள். ஈரோட்டிலிருந்து ஜவுளி விஷயமாக முதல்முறை வந்திருந்த பெரியவர் ஒருவர் என்னுடன் இருந்தார். இரண்டு கிலோ அளவுக்குப் பொறுக்கித் தராசில் வைத்தார். கடைக்காரப் பெண் கால்குலேட்டரில் 32 என்று தட்டிக் காட்டினாள். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "தம்பி, பதினாறுதானே வரவேண்டும்? வெளியூர்க்காரன் என்று இரட்டிப்பாகக் கேட்கிறாள்."

அவள் ஏமாற்றவில்லை. சீனச் சந்தையில் காய், பழம், இறைச்சி எல்லாவற்றுக்கும் விலை 'ஜின்' கணக்கில்தான். ஒரு ஜின் என்பது 500 கிராம். இரண்டு கிலோ என்றால் நான்கு ஜின், நாலெட்டு முப்பத்திரண்டு. இதைச் சொன்னதும் அவர் உடனே பணத்தை எடுத்துக் கொடுத்தார். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அவருக்கு அந்த ஊர் மீதே ஏற்பட்ட கசப்பு மறைய அன்று மாலை ஆகிவிட்டது.

பணத்தை மாற்றுவது எப்படி என்றுதான் முதல் பயணத்துக்குப் புறப்படுகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். அது அரைமணி நேர வேலை. மாற்றிய பணத்தைக் கண்ணாலும் காதாலும் அடையாளம் காண்பதற்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெயர்கள்

சீன நாணயத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ரென்மின்பி. 'மக்கள் பணம்' என்று பொருள். நாட்டின் மத்திய வங்கியான சீன மக்கள் வங்கி 1948 டிசம்பர் 1 அன்று இதை வெளியிடத் தொடங்கியது. நம் வியாபாரிகள் 'ஆர்.எம்.பி.' என்பது இதைத்தான். அந்தப் பணத்தின் அலகு யுவான். யுவான் என்றாலும் ஆர்.எம்.பி. என்றாலும் கையில் இருக்கும் தாள் ஒன்றேதான். வங்கி ரசீதில் சி.என்.ஒய். என்று போட்டிருந்தாலும் அதுவேதான்.

கடைத்தெருவில் யுவான் என்ற சொல் அதிகம் காதில் விழாது. அங்கே 'குவாய்' என்பார்கள். யுவானில் பத்தில் ஒரு பங்கு ஜியாவ். பேச்சில் அதற்கு 'மாவ்' என்று பெயர். நூறில் ஒரு பங்கான ஃபென் பில்லிலும் கணக்கிலும் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. விலைச்சீட்டில் யுவானைக் குறிக்கும் சீன எழுத்தைக் கண்டுகொள்வது எளிது: மேலே இரண்டு கிடைக்கோடுகள், கீழே இரண்டு கால்கள், வலது கால் நுனியில் மேல்நோக்கி வளைந்திருக்கும். ஆங்கில ஒய் எழுத்தில் குறுக்குக்கோடு போட்ட குறியும் உண்டு. ஜப்பானிய யென்னுக்கும் அதே குறிதான் என்பதால் இணையத்தில் ஓட்டல் அறை பதிவுசெய்யும்போது எந்த நாட்டுப் பணம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நடுவில் சதுர ஓட்டை போட்ட பழைய சீனச் செப்புக்காசுகளை ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பார்கள். அந்தச் சொல் நம்முடைய 'காசு'தான். போர்த்துகீசியர் வாய்வழியே ஆங்கிலத்துக்குப் போனது. தஞ்சைப் பகுதியில் அந்தச் சீனக் காசுகள் புதையலாகவே கிடைத்திருக்கின்றன.

தாள்களை நிறத்தால் படியுங்கள்

இப்போது புழக்கத்தில் இருப்பது 1999-இல் தொடங்கிய ஐந்தாம் வரிசை. எல்லாத் தாளிலும் மாவோவின் முகம்தான், ஆகவே முகத்தைப் பார்த்துப் பயனில்லை. 100 சிவப்பு, 50 பச்சை, 20 பழுப்பு, 10 நீலம், 5 ஊதா, 1 இலைப்பச்சை. கடைசி ஒன்றில்தான் கவனம் வேண்டும். மங்கிய விளக்கில் 50-ம் 1-ம் ஒன்றுபோலத் தோன்றும். 50 யுவான் தாள் 150 மில்லிமீட்டர் நீளம், 1 யுவான் தாள் 130 மட்டுமே. இரண்டையும் பர்சில் ஒரே அறையில் வைக்காதீர்கள். பின்புறப் படமும் உதவும்: 50-இல் லாசாவின் பொட்டாலா அரண்மனை, 1-இல் ஹாங்சோவின் மேற்கு ஏரி.

நம் ரூபாய்த் தாளில் தமிழ் உட்படப் பல மொழிகள் வரிசையாக இருப்பதுபோல, யுவான் தாளின் பின்புறத்திலும் மங்கோலியம், திபெத்தியம், உய்குர், சுவாங் மொழிகளில் எழுதியிருக்கும். புதிய தாள் ஒன்று கிடைத்தால் நிதானமாகப் பாருங்கள், அழகான அச்சு.

நாணயங்கள் 1 யுவான், 5 ஜியாவ், 1 ஜியாவ். 100 யுவான் தாளில் ஒருவருக்குப் பதில் நான்கு தலைவர்கள் வரிசையாக இருந்தால் அது நான்காம் வரிசை. அதன் பெரும்பாலான தாள்கள் 2018 மே 1 முதல் புழக்கத்தில் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு போய்வந்த உறவினர் மீதமிருந்த தாள்களை அன்போடு கொடுத்தனுப்பினால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

விலையைக் காதால் கேட்பது

இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 'ஷி' என்றால் பத்து, 'ஸ்' என்றால் நான்கு. தெற்கே இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். கேட்டுப் புரியவில்லை என்றால் கால்குலேட்டரையோ போனையோ நீட்டுங்கள், தட்டிக் காட்டுவார்கள். அதில் யாருக்கும் சங்கடம் இல்லை, அங்கே அதுதான் வழக்கம்.

'யீ பாய் அர்' என்று கேட்டால் சொல்லுக்குச் சொல் 'நூறு இரண்டு'. நாம் 102 என்று நினைப்போம். அது 120. கடைசி இலக்கத்தின் 'பத்து' என்ற சொல்லை அவர்கள் விழுங்கிவிடுவார்கள். 102 என்றால் நடுவில் 'லிங்', அதாவது சுழியம், சேர்த்து 'யீ பாய் லிங் அர்' என்பார்கள். அதேபோல 'சான் குவாய் வூ' என்றால் மூன்றரை யுவான். மொத்த வியாபாரம் பேசுகிறவர்களுக்கு இன்னொன்று: அவர்களுக்கு லட்சம் கிடையாது, 10,000-க்கு 'வான்' என்று தனிச்சொல் உண்டு. பன்னிரண்டு வான் என்றால் 1,20,000.

விரல் கணக்கும் உண்டு. ஐந்து வரை நம்மைப் போலத்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நீட்டினால் 6. முதல் மூன்று விரல்களின் நுனியைக் குவித்தால் 7. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரித்தால் 8. நம் கண்ணுக்கு இது இரண்டு. ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல் வளைத்தால் 9. முஷ்டி மடக்கினாலோ இரு கைகளின் ஆள்காட்டி விரல்களைக் குறுக்கே வைத்தாலோ 10. அந்த எட்டை இரண்டு என்று நினைத்து இரண்டு யுவானை நீட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பலர்.

புறப்படும் முன்

இந்திய ரூபாயை எடுத்துப்போய் அங்கே மாற்றலாம் என்று இருக்காதீர்கள். டாலராகக் கொண்டுபோவதே வழி. இந்தியாவிலிருந்து போகும் ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை வெளிநாட்டுத் தாள்களாக எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல் வேண்டியதை கார்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையத்தில் பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் அட்டை கேட்பார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாகத் தர முடியாது, வங்கிக் கணக்கிலிருந்துதான் செலுத்த வேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

டாலர் தாள்கள் புதிதாக, மடிப்பும் கிறுக்கலும் இல்லாமல் இருக்கட்டும். ஓரத்தில் பேனாவால் எண்ணிக்கை எழுதிய தாளை அங்கே வங்கியில் திருப்பிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

யுவானையே ஊரில் வாங்கிவிடலாமா? சென்னையில் கிடைக்கும், ஆனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகம். 2025-இல் ஒரு யுவான் ஏறத்தாழ 12 ரூபாயாக இருந்தது. அந்த மதிப்பில் முதல் நாள் கைச்செலவுக்கு 1,000 யுவான் மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை டாலராக வைத்திருப்பதுதான் என் வழக்கம். சீனாவுக்குள் ஒருவர் 20,000 யுவான் வரை எடுத்துச் செல்லலாம். வெளிநாட்டுப் பணம் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

கார்டு விஷயத்தில் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். 2020 முதல் நம் வங்கிகள் தரும் புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கியே வரும். வங்கிச் செயலியில் போய் அதைத் திறந்துவையுங்கள். ஒன்றுக்கு இரண்டு கார்டு, இரண்டும் வெவ்வேறு வங்கியுடையதாக, விசா அல்லது மாஸ்டர்கார்டாக இருக்கட்டும். ஓ.டி.பி. உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். ஆகவே அந்த சிம்மில் ரோமிங் இயங்க வேண்டும்.

வங்கியில் மாற்றுவது

விமான நிலையத்திலேயே நாணய மாற்றுக் கவுன்ட்டர்கள் இருக்கும். தனியார் கவுன்ட்டர் என்றால் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள், முதலில் கேளுங்கள். ஊருக்குள் பேங்க் ஆஃப் சைனாவே வசதி. எல்லாக் கிளையிலும் வெளிநாட்டுப் பணம் மாற்ற மாட்டார்கள், பெரிய கிளையாகப் பாருங்கள். அக்டோபர் முதல் வார தேசிய விடுமுறையிலும் சீனப் புத்தாண்டின்போதும் வங்கியை நம்ப வேண்டாம். குவாங்சோவின் பெரிய வணிகக் கண்காட்சியான கேன்டன் ஃபேர் ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கும்போது அந்த வட்டாரக் கிளைகளில் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.

உள்ளே போனதும் வாசல் அருகே உள்ள இயந்திரத்தில் எண் சீட்டு எடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் பாஸ்போர்ட்டையும் டாலரையும் காட்டினால் அவரே சரியான சீட்டை எடுத்துத் தருவார். உங்கள் முறை வந்ததும் கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டின் அசலைக் கொடுங்கள். நகல் செல்லாது. தங்கும் ஓட்டலின் பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்பார்கள். ஓட்டல் அட்டையைக் கையில் வைத்திருந்தால் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

கவுன்ட்டருக்கு மேலே ஓடும் விலைப்பலகைதான் புதியவர்களைக் குழப்புவது. உதாரணமாக, டாலருக்கு நேரே 715 என்று இருக்கும். ஒரு டாலருக்கு 715 யுவான் இல்லை. சீன வங்கிகள் 100 வெளிநாட்டு அலகுகளுக்கு எத்தனை யுவான் என்றே எழுதும். ஆக ஒரு டாலர் 7.15. நீங்கள் 500 டாலர் கொடுத்தால் 3,575 யுவான் வரவேண்டும். அதே வரியில் மூன்று நான்கு எண்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று கணக்குவழியாக வரும் பணத்தை வங்கி வாங்கும் விலை, ஒன்று தாள்களை வாங்கும் விலை, ஒன்று வங்கி விற்கும் விலை. நாம் தாளை நீட்டுவதால் நமக்குத் தாள் வாங்கும் விலைதான். அது கணக்குப் பண விலைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும். விற்கும் விலைதான் எல்லாவற்றிலும் உயரம். அதைப் பார்த்து மனக்கணக்குப் போட்டுவிட்டு, குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

பணத்தை எண்ணித் தரும்போது எல்லாம் சிவப்புத் தாளாக இருக்கும். அப்போது 'லிங் ச்சியென்' என்று சொல்லுங்கள். சில்லறை என்று பொருள். வெளிநாட்டவருக்குச் சில்லறை கிடைக்க வேண்டும் என்று 2024-இல் வங்கிகள் தனியாகச் சில்லறைப் பொட்டலங்களே தயார் செய்தன. குறைந்தது 200 யுவானை 10, 5, 1 என்று வாங்கிக்கொள்ளுங்கள். நகரப் பஸ்ஸில் ஓட்டுநர் பக்கத்தில் ஓர் உண்டியல் இருக்கும். கட்டணம் 2 யுவான் என்றால் இரண்டைப் போட வேண்டும். பத்தைப் போட்டால் மீதி எட்டைத் தர அங்கே ஆள் இல்லை.

கடைசியாக ஒரு ரசீது தருவார்கள். சீனத்தில் அதற்கு 'ஷுயி தான்'. அதைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

போன் வழியாகக் கொடுப்பது

இன்று சீன நகரங்களில் பத்து யுவான் நூடுல்ஸ் முதல் ஓட்டல் அறைவரை போனில்தான் பணம் போகிறது. இரண்டு செயலிகள்: அலிபே, வீசாட் பே. 2023 ஜூலை முதல் இரண்டிலும் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இணைக்க முடிகிறது. வீசாட் இந்தியாவில் 2020 ஜூனில் தடைசெய்யப்பட்டது. ஆகவே இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அலிபேயில் தொடங்குவது நல்லது. உங்கள் போனில் கிடைத்தால் வீட்டிலேயே பதிவுசெய்து, பாஸ்போர்ட் விவரம் கொடுத்து, கார்டை இணைத்துவிடுங்கள். ஓ.டி.பி. வருவதில் சிக்கல் என்றால் வீட்டில் இருக்கும்போதே வங்கியை அழைத்துப் பேசலாம்; நள்ளிரவில் அந்நிய விமான நிலையத்தில் அது முடியாது. மலேசியத் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு: அவர்களுடைய டச் அண்ட் கோ இ-வாலட்டே சீனாவில் அலிபே கடைகள் பலவற்றில் வேலை செய்கிறது.

பணம் கொடுப்பதில் இரண்டு முறை உண்டு. பெரிய கடையில் உங்கள் போனில் தோன்றும் கோடுகளை அவர்கள் ஸ்கேன் செய்வார்கள். சிறிய கடையில் சுவரில் ஒட்டியிருக்கும் சதுரத்தை நீங்கள் ஸ்கேன் செய்து தொகையைத் தட்ட வேண்டும். பணம் சேர்ந்ததும் கடையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி இத்தனை யுவான் வந்தது என்று உரக்கச் சொல்லும். அந்தக் குரல் வரும்வரை நகராதீர்கள். கட்டிய பிறகும் ஒலி வரவில்லை என்றால் போன் திரையைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். உங்கள் கட்டணக் குறியீட்டைப் படம்பிடித்து யாருக்கும் அனுப்பக் கூடாது. அது கையெழுத்திட்ட காசோலையைக் கொடுப்பதற்குச் சமம்.

கட்டணம்: 200 யுவான் வரை இலவசம். அதற்கு மேல் போனால் 3 சதவீதம். 600 யுவான் பில் என்றால் 18 யுவான் கூடுதல். இதற்கு மேல் உங்கள் இந்திய வங்கியும் நாணய மாற்றுக்கென்று 2 முதல் 3.5 சதவீதம் எடுத்துக்கொள்ளும். நான்கு பேர் சேர்ந்து சாப்பிட்டால் ஒவ்வொருவரும் தன் பங்கைத் தனியாகக் கட்டுங்கள், 200-க்குள் அடங்கிவிடும். பெரிய தொகைக்கு ரொக்கமே மலிவு.

வெளிநாட்டுக் கார்டிலிருந்து தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்ப முடியாது. தெருவோரத்தில் காய் விற்கும் பாட்டி தன் மகனின் சொந்தக் குறியீட்டை வைத்திருந்தால் உங்கள் பணம் அதில் போகாது. அப்போதுதான் அந்த நீலத் தாளும் ஊதாத் தாளும் கைகொடுக்கும். கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது சீன மக்கள் வங்கியின் விதி. ஆனாலும் டாக்ஸிக்காரரிடம் 23 யுவானுக்கு 100-ஐ நீட்டினால் அவரிடம் மீதி இருக்காது. மறுப்பதில் அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. நாள் முழுவதும் அவர் கண்ணில் தாளே படுவதில்லை.

போன் அணைந்தால் பணமும் அணைந்தது என்று பொருள். பவர் பேங்க் கையில் இருக்கட்டும்.

ஏ.டி.எம்.

பெரிய வங்கிகளின் ஏ.டி.எம்.மில் விசா, மாஸ்டர்கார்டு வேலை செய்யும். ஆங்கிலத் திரை உண்டு. வருவது பெரும்பாலும் 100 தாள்தான். உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்தக் கணக்கில் விலை எப்போதும் நமக்குப் பாதகம்.

கள்ளத்தாளும் கைமாற்றும்

100 யுவான் கொடுத்தால் கடைக்காரர் மாவோவின் கழுத்துப்பட்டியை நகத்தால் உரசிப் பார்ப்பார். உங்களை அவமதிப்பதற்காக அல்ல. நல்ல தாளில் அந்த இடத்தில் அச்சு மேடாக எழும்பி நிற்கும், நகம் தடுக்கும். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். 2015 பதிப்பின் நடுவில் உள்ள பெரிய 100-ஐச் சாய்த்தால் பொன்னிறம் பச்சையாகும், அதன் மேல் ஒரு ஒளிக்கீற்று ஏறி இறங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடப்பக்கம் மாவோ தாளுக்குள் நீர்க்குறியாகத் தெரிவார்.

என்னுடன் வந்த நண்பருக்கு நடந்தது இது. இரவு வண்டி ஒன்றில் 100-ஐக் கொடுத்தார். ஓட்டுநர் வாங்கிப் பார்த்து, கள்ளத்தாள் என்று திருப்பிக் கொடுத்தார். நண்பர் வேறு தாள் கொடுத்தார். ஓட்டலில் வந்து உரசிப் பார்த்தால் திரும்பி வந்தது நிஜமாகவே கள்ளத்தாள். அவர் வங்கியில் வாங்கிய தாள் இல்லை. கைமாறிய அந்த ஒரு கணத்தில் மாற்றிவிட்டார்கள். பெரிய தாள் கொடுக்க நேர்ந்தால் அதன் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கொடுங்கள். பிறகு யாரும் மாற்றத் துணிய மாட்டார்கள்.

வங்கி வாசலில் 'ஹுவான் ச்சியென்?', அதாவது பணம் மாற்றவா, என்று காதருகே கேட்டபடி வருகிறவர்களிடம் நிற்கவே வேண்டாம். அப்படி மாற்றுவது சட்டவிரோதம். பலகை விலையைவிட அதிகம் தருவதாகச் சொல்வார்கள். எண்ணித் தருவதில் நடுவே என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

மீந்த யுவானைத் திருப்பி மாற்ற

இப்போது அந்த 'ஷுயி தான்' ரசீதுக்கு வருகிறேன். சீனாவில் மாற்றிய யுவானை மீண்டும் டாலராக்க வங்கி கேட்பது அந்த ரசீதைத்தான். மாற்றிய நாளிலிருந்து 24 மாதம் செல்லும். ரசீது இல்லை என்றால் பாஸ்போர்ட்டை மட்டும் காட்டி ஒரு நாளைக்கு 500 டாலர் மதிப்புவரை மாற்றலாம். குடிவரவுச் சோதனை தாண்டி உள்ளே இருக்கும் கவுன்ட்டரில் 1,000 டாலர்வரை. கேன்டன் ஃபேருக்கு முன்பணம் கொடுக்கக் கட்டாகக் கொண்டுபோய், பேரம் படியாமல் திரும்புகிறவர்களுக்கு இந்த ஒரு சீட்டு பெரிய உதவி. இந்தியா திரும்பிய பிறகு 2,000 டாலர் மதிப்புவரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; அதற்கு மேல் உள்ளதை 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

ஓட்டலில் சேரும்போது முன்வைப்புத் தொகை கேட்பார்கள். 'யாஜின்' என்பார்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள். காலி செய்யும் காலையில் அந்தப் பணம் ரொக்கமாகவே கைக்கு வரும். விமானம் அதிகாலை என்றால் முந்தைய இரவே கணக்கு முடித்துக்கொள்ளுங்கள்.

ஹாங்காங் வழியாகத் திரும்புகிறவர்கள் கவனிக்க: அங்கே யுவான் உள்ளூர்ப் பணம் இல்லை, ஹாங்காங் டாலர்தான். மக்காவ் என்றால் பட்டாக்கா. ஹாங்காங்கில் நாணய மாற்றுக் கடைகள் தாராளம். சிம் ஷா சூய் பகுதியில் நம்மவர்கள் நடமாட்டம் மிகுந்த சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்தில் இந்திய ரூபாய்கூட மாற்றுவார்கள். வாசலிலேயே இருக்கும் கடையில் மாற்றிவிடாமல் உள்ளே நான்கைந்து கடை விலையைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். தாள்களை மட்டும்தான் வாங்குவார்கள். நாணயங்களை எல்லை தாண்டும் முன்பே மெட்ரோ டிக்கெட் இயந்திரத்தில் போட்டுச் செலவழித்துவிடுங்கள்.